கடலுக்குப் போன வெடிப்பெட்டி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சாக்கில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய அட்டைப்பெட்டி. நடுவில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. ஐப்பசி மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டு சப்சப்பென்று எங்கள் கூடவே வந்தது.

மறுநாள் தீபாவளி. எங்களுக்குத் தலை தீபாவளி. புது மாப்பிள்ளையைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "வாங்க மாப்ள" என்று ஒரு வீடு, "இன்னா மல்லிகா, எளச்சிட்ட" என்று ஒரு வீடு. அவர் எல்லோருக்கும் ஒரு கையால் வணக்கம் வைத்துக்கொண்டே நடந்தார்.

சாக்கின் மூலையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகச் சிவப்புச் சரம் ஒன்று வாலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது அதைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் ஊர் வேடந்தாங்கல் ஏரியை ஒட்டியது. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு யாரும் வெடி வெடிப்பதில்லை. ஏரிக்கு வரும் பறவைகள் மிரளும் என்பதால். நான் பிறந்து வளர்ந்து கட்டிக்கொடுத்துப் போகிற வரைக்கும் என் வீட்டு வாசலில் ஒரு பொட்டு வெடிகூட வெடித்ததில்லை.

இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வாயை மூடிய மருமகள்

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே என்னை நாலு அறை விடத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. அந்த ஊரில் பிறந்துவிட்டு நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம் என் அத்தை வீரம்மாள். என் மாமியார்.

என் வீட்டுக்காரர் குடும்பம் விருதுநகர்ப் பக்கம். அணு ஆராய்ச்சி மையத்தில் அவருக்கு டெக்னீசியன் வேலை, எனக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, அணுபுரத்தில் குடியிருப்பு. நாங்கள் எப்படிச் சந்தித்தோம், இரண்டு வீட்டையும் எப்படிச் சம்மதிக்க வைத்தோம் என்பதையெல்லாம் இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதித் தீர்த்துவிட்டேன். அத்தையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அத்தை அப்போது பட்டாசு ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அதே வேலை. விரல் நுனிகளில் சாம்பல் நிறம் ஏறி நிரந்தரமாகவே தங்கிவிட்டது. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. கல்யாணத்தன்று என் தலையில் பூ வைத்த அந்த விரல்களைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

தீபாவளிக்கு ஆலையில் வேலையாட்களுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். அந்த வருஷம் அத்தை அதைப் பிரிக்காமல் எங்களுக்கு எடுத்து வைத்திருந்தார். புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தபோது என் கையில் கொடுத்தார்.

"ஏத்தா மல்லிகா, தல தீவாளிக்கு எம்மகன வெறுங்கையோட அனுப்புனா ஒங்க ஊரு என்னய என்ன பேசும்? இந்தச் சரமெல்லாம் நான் பின்னுனது. மொதச் சரத்த சம்பந்தி கையால கொளுத்தச் சொல்லு" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து, "அத்தே, எங்க ஊர்ல இதெல்லாம் ஆகாது" என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். அணுபுரம் வீட்டிலேயே பெட்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கிளம்புகிற அன்று என் வீட்டுக்காரர் முதலில் தூக்கியதே அதைத்தான். வெடியைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது. மேலே புதுப் புடவையைப் போட்டு மறைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்துப் போனோம். நாங்கள் செய்த தப்பை யாரும் செய்யாதீர்கள்.

பறவை தியாகியா?

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பேச்சாளர் வந்தார். 'இயற்கை போதிக்கும் தன்னலமின்மை' என்பது தலைப்பு. மரம் தருகிறது, நதி தருகிறது, பறவை தருகிறது என்று ஒரு மணி நேரம் தந்தார். நடுவில் வேடந்தாங்கல் பெயரும் வந்தது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு எருவாகிறதாம், அந்தத் தியாகத்துக்கு ஈடாக ஊரார் அமைதி காக்கிறார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எருவான விஷயம் உண்மைதான். எங்கள் ஏரித் தண்ணீர் பாய்ந்த கழனிக்கு உரம் அதிகம் தேவைப்படாது. ஆனால் தியாகம் என்றால் சிரிப்பு வருகிறது. நத்தைகுத்தி நாரை எங்கேயோ அடுத்த ஊர் வயலில் நத்தையைத் தின்றுவிட்டு வந்து எங்கள் ஏரி மரத்தில் உட்கார்ந்து கழிக்கிறது. தான் யாருக்கோ உபகாரம் செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

ஒரே மரத்தில் பத்து ஜாதிப் பறவை ஒற்றுமையாக வாழ்கிறது என்றும் சொன்னார். கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். அங்கேயே வளர்ந்தவளைக் கேளுங்கள். நீர்க்காகம் கொஞ்சம் அசந்தால் நாரை அதன் கூட்டிலிருந்து குச்சியை உருவிக்கொண்டு போய்விடும். கொக்கும் வக்காவும் ஒரு கிளைக்கு விடிய விடியச் சண்டை போடும். ஆனால் சண்டை போட்டுவிட்டு எதுவும் மரத்தை விட்டுப் போகாது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒற்றுமை அவ்வளவுதான்.

பறவைக்குத் தெரியாமல் நடப்பது பெரிதில்லை. தெரிந்தே விட்டுக்கொடுத்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். என் அப்பா கன்னியப்பனுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆயுசுக்கும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. பறவை எரு போட்டதில் அவருக்கு ஒரு மூட்டைகூட அதிகம் வந்ததில்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது திமிராக ஒரு தடவை கேட்டேன்.

"நெலம் வெச்சிகினு கீறவன் வெடிக்காம இருந்தா சரி. நமக்கு இன்னாத்துக்குப்பா இந்த வெரதம்?"

அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "கழனி அவன்துதான். நாத்து நட்டது நானும் ஒங்கம்மாவும்தான? பச்சையா நின்னா பாக்கறதுக்கு எனக்கும்தான் நல்லா கீது."

அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே சோறு போடச் சொன்னார்.

வாசலில் ஊதுவத்தி

தீபாவளிக்கு வருகிறேன். பொழுது விடிந்து, எண்ணெய்க் குளியல் முடிந்து, அவர் புது வேட்டி சட்டையில் வந்து நின்றார். பெட்டியை அம்மா அடுப்புக்குத் தூரமாகப் பரண் மேல் வைத்திருந்தாள். அவரே ஏறி இறக்கிப் பிரித்தார். ஒரு சரத்தை எடுத்து வாசலில் நீட்டி வைத்தார். ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு, "மாமா, வாங்க. மொதச் சரம் ஒங்க கையாலதான். ஆத்தா சொல்லிவிட்டுருக்கு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அப்பா வெளியே வந்தார். ஊதுவத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

எதிர் வாசல், பக்கத்து வாசல் எல்லாவற்றிலும் ஆட்கள். யாரும் கத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சரோஜாக்காதான் இடுப்பில் கை வைத்தபடி சொன்னாள்.

"அண்ணாத்த, கொளுத்தாத. இப்போதான் ஒண்ணு ரெண்டா வந்து எறங்கிகினு கீது. கூடு கட்ட எடம் பாத்துகினு கீது. ஒரு சத்தம் கேட்டா போதும், இந்த வருசம் திரும்பிக்கூட பாக்காது."

அவர் ஊதுவத்தியைக் கீழே இறக்கினார். முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து, என்னை மட்டும் சமையல் கட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல? இப்ப எங்காத்தாகிட்ட நான் என்னன்னு சொல்ல? ஒஞ்சீரு வாசல்படியக்கூடத் தாண்டலன்னு சொல்லவா? அது வெரலப் பாத்துருக்கேல்ல நீயி?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்த மனுஷன் இப்படியே போனால் திரும்பி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவாரா என்று பயந்தேன். அடுப்பில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, சாப்பிட யாரும் வரவில்லை.

"பொட்டிய எடு மாப்ள"

அப்பா உள்ளே வந்தார். அவர் மாப்பிள்ளையிடம் பேசுவதற்கே கூச்சப்படுகிறவர். பெட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு சரத்தை எடுத்தார். அதன் பின்னலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது மெசின்ல போட்டது இல்லியா?"

"இல்ல மாமா. கையால பின்னுறது. ஒவ்வொரு திரியா முடிஞ்சு முடிஞ்சு."

"எல்லாம் ஒங்க அம்மாவா?"

"ஆமா."

அப்பா சரத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். நாற்று நட்டு, கதிர் அறுத்து, கட்டுக் கட்டிய கை அது. கைவேலைக்கு மரியாதை தெரிந்த மனுஷன்.

"பொட்டிய எடு மாப்ள. போலாம்."

"எங்க?"

"கடலுக்கு. அங்க எந்தக் கூடும் இல்ல."

அம்மா, "பொழுது விடிஞ்சதும் பைத்தியம் புட்ச்சிடுச்சா? நல்ல நாளு அதுவுமா கறிய ஆக்கி வெச்சிகினு கீறேன்" என்று கத்தினாள். அப்பா, "அதையும் எட்த்துகினு வா" என்றார். அவ்வளவுதான் விவாதம்.

நல்ல நாளில் பஸ் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் நின்று செங்கல்பட்டுக்கு ஒரு பஸ். பழைய பஸ் நிலையத்தில் தூறலில் காத்திருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு இன்னொன்று. அப்பா தன் புது வேட்டியைக் கட்டாமல் அதைப் பெட்டியின் மேல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார், மழை படாமல் இருக்க. வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் டமால் டுமீல் என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "மாரியாத்தா" என்றாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மீசையில் மணல்

சுற்றுலாக் கூட்டம் இருக்கிற பக்கம் போகாமல், சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துப் பக்கமாக இறங்கினோம். படகு நிழலில் ஒருவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.

"அண்ணாத்த, இங்க வெடி வெச்சா எதுக்குனா தொந்தரவு கீதா?"

"எதுக்கு தொந்தரவு?"

"கூடு, குஞ்சு, அந்த மாதிரி."

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க கீறது நாங்கதான்பா. கடலே கத்திகினு கீது. நீ இன்னா கலெக்டராண்ட பர்மிசன் கேக்கற மாதிரி கேட்டுகினு நிக்கற? எந்த ஊரு?"

அப்பா சொன்னார். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "வேடந்தாங்கலா? வெடிய தூக்கிகினு அங்கேந்து இங்க வந்தியா?" என்று சிரித்தவர், எழுந்து போய் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து ஈர மணலில் விரித்துக் கொடுத்தார்.

முதல் சரம். அப்பாவுக்கு அப்போது வயது ஐம்பதுக்கு மேல். வாழ்நாளில் வெடி கொளுத்தியதில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை எட்டின மட்டும் நீட்டி, ஊதுவத்தியைத் திரியில் வைத்தார். மூன்று தடவை பிடிக்கவில்லை. நாலாவது தடவை சீறியது. அப்பா ஓடினார். வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்தார். பின்னால் சரம் படபடவென்று வெடித்துத் தீர்ந்தது.

எழுந்தவர் மீசையெல்லாம் மணல். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூலிக்கு விடிகாலையில் போய் இருட்டி வருகிற என் அப்பாவை நான் அதற்கு முன் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அவர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "ஒங்க அம்மா கை நல்லா பேசுது மாப்ள" என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டென்று கீழே குனிந்து அடுத்த சரத்தைத் தேடினார். தேடிக்கொண்டே, "மல்லிகா, அந்த ஊதுவத்திய எடு" என்றார். காலையில் நடந்த சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு உயிர் வந்தது.

பாதிச் சரங்கள் தூறலில் நமத்துப் போயின. மீதியை வெடித்து முடித்துவிட்டு, தார்ப்பாயில் உட்கார்ந்து இட்லியும் கறிக்குழம்பும் தின்றோம். வலைக்காரருக்கும் கொடுத்தோம். அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் போய் நின்றார். இத்தனைக்கும் ஊரிலிருந்து கடல் இரண்டு பஸ் தூரம்தான். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, நெல் மூட்டை லாரியில் போனபோது, சாலையிலிருந்து பார்த்திருக்கிறாராம். அலை வந்து முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் நகரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

மறுநாள் கடை போனில் அத்தையைக் கூப்பிட்டோம். "சம்பந்திதான் ஆத்தா கொளுத்துனாரு" என்றார் மகன். சத்தம் எப்படி என்று அத்தை கேட்டிருக்க வேண்டும். "கடல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழெட்டு ஐப்பசி

முதல் வருஷம் சொல்லாததை இரண்டாம் வருஷம் எப்படிச் சொல்வது? மூன்றாம் வருஷம் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு வருஷமும் அத்தையிடமிருந்து பெட்டி வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கடற்கரைக்கு வந்தார். நாங்கள் அணுபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் போனோம், அப்புறம் மகளையும் தூக்கிக்கொண்டு. வலைக்காரர் தூரத்தில் பார்க்கும்போதே, "வேடந்தாங்கலு வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பார்.

வெடி முடிந்ததும் அப்பா தண்ணீரில் போய் நிற்பார். நாங்கள் சாப்பிட்டுக் கதை பேசி முடிக்கிற வரை நிற்பார். பாவம், நமக்காக இவ்வளவு அலைகிறாரே என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வோம். அப்பாவின் நல்ல மனசை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு ஒரு தை மாதம் அத்தையே வந்தார். சம்பந்தி ஊரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏரிக்கரையில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். மரமெல்லாம் குஞ்சுகள். கூழைக்கடா தாய் வாயைத் திறக்க, குஞ்சு அதன் தொண்டைக்குள் தலையை விட்டு மீனை எடுத்தது. அத்தை, "ஏயப்பா" என்று வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எதிரே வந்த சரோஜாக்கா விவரம் புரியாமல் உடைத்துவிட்டாள். "நீங்கதான் மல்லிகா மாமியாரா? ஒங்க வெடியத்தான் வருசா வருசம் கடலாண்ட எட்த்துகினு போறாரு இவரு. இங்கதான் நாங்க வெடிக்க மாட்டோமே."

அத்தை எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனுஷியின் மனசு நோகக் கூடாது என்று ஏழெட்டு வருஷமாகக் கட்டிக் காத்தது ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "அடியே கூறுகெட்டவளே, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா கம்பி மத்தாப்பும் பூவாணமும் சக்கரமுமா அனுப்பியிருப்பேனே? சத்தமில்லாததும்தான் எங்க ஊருல செய்யுறாக." அப்புறம் அப்பாவிடம் திரும்பி, குரல் உடைந்து, "எம்பொருட்டு இம்புட்டு வருசம் அலஞ்சீகளா சம்பந்தி?" என்றார்.

"அலச்சல் இன்னா அலச்சலு? அது ஒண்ணும் எனக்கு பேஜாரு இல்லம்மா" என்றார் அப்பா.

அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

சத்தமில்லாத தீபாவளி

அந்த ஐப்பசியில் வந்த பெட்டியில் ஒரு வெடிகூட இல்லை. எல்லாம் மத்தாப்பு வகை. நாங்கள் ஊருக்கே போனோம். விடிந்தும் விடியாத கருக்கலில் எங்கள் தெரு முழுக்கக் கம்பி மத்தாப்பு பூத்தது. சரோஜாக்கா பூவாணத்தைச் சுற்றிக் கும்மி அடித்தாள். ஏரியிலிருந்து ஒரு பறவை எழவில்லை. பறவைக்கும் குறையில்லை, அத்தைக்கும் குறையில்லை. இனி யாரும் பஸ் மாறி ஓட வேண்டாம். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

சாப்பிட்டு முடித்தோம். என் வீட்டுக்காரருக்கு மதியம் ஷிப்ட், கிளம்ப வேண்டும். அப்பா எதற்கோ புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரி, வாசலில் வந்து நின்றார். நான் மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மல்லி, கடலுக்கு போலாமா?" என்றார்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்குப்பா? வெடிதான் இல்லியே."

"ஆமா, ஆமா. வெடி இல்ல இல்ல" என்று சிரித்தார். "மழ வர்ற மாதிரி வேற கீது. நீங்க சீக்கிரம் கெளம்புங்க." பஸ் நிறுத்தம் வரைக்கும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார்.

அடுத்த ஐப்பசிக்கு அப்பா இல்லை. ஆவணியில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாதான் சொன்னாள். நாங்கள் பஸ் ஏறிப் போனதும் அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாராம். "வருசத்துக்கு ஒரு நாளு. அங்க போய் நின்னா நான் யாருக்கும் கூலிக்காரன்னே தோணாது எனக்கு" என்றாராம். அப்புறம் படுத்துவிட்டாராம். அம்மாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தனக்கென்று எதையும் கேட்காத மனுஷன். மகளின் குடித்தனத்துக்காகவும், எங்கோ தூரத்தில் இருந்த ஒரு சம்பந்தியம்மாளின் கைக்காகவும், அடுத்தவர் கழனிக்கு வரும் பறவைக்காகவும் நடந்தவர். அப்படி நடந்த வழியில் அவருக்கும் ஒன்று கிடைத்திருந்தது. எல்லோருக்கும் நல்லது செய்கிற வேகத்தில் அதை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். கொடுக்கிறவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார். இதைச் சொன்னபோது, "நான் சரமாவே அனுப்பிக்கிட்டு இருந்துருக்கலாம் தாயி" என்று அழுதார். அவர் மேல் என்ன தப்பு? அப்பா கேட்டது என்னிடம்.

இந்த வருஷமும் தீபாவளி வரப்போகிறது. இப்போதெல்லாம் அன்று சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் கடற்கரைக்குப் போகிறோம். தண்ணீரில் இறங்க என்னால் முடிவதில்லை. மணலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அப்பா கேட்ட அன்றைக்கு மழை வரவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸில் பின்னால் நாலு சீட் காலியாக இருந்தது. "வாப்பா, போலாம்" என்று சொல்லியிருக்கலாம்.